ஒஸ்லோல ரெண்டு நாள், கையில 200 யூரோ: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல நார்வே தலைநகர் ஒஸ்லோவைப் பத்தித்தான். எந்த ஏர்லைன் ஆஃபர் போட்டுச்சோ தெரியல, ஆளாளுக்கு டிக்கெட்டை முதல்ல போட்டுட்டு அப்புறம்தான் ஊர் விலைவாசியைத் தேடிப் பார்த்து பதறிப்போய் எழுதியிருக்கீங்க. அதனால இந்த தடவை பக்கம் முழுக்க ஒஸ்லோ.

கே: அண்ணா, நான் பெர்லின்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். நானும் ரூம்மேட்டும் ஜூன்ல வெள்ளிக்கிழமை சாயந்திரம் போயி ஞாயிறு ராத்திரி திரும்புற மாதிரி ஒஸ்லோ பிளான் பண்ணியிருக்கோம். பிளைட் சீப்பா கிடைச்சிருச்சு. ஆனா அங்க ஒரு டின்னர் காசுல இங்க ஒரு வாரம் சமைச்சு சாப்பிடலாம்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. பிளைட் தவிர ஆளுக்கு 200 யூரோல முடிக்க முடியுமா? (ஒரு மாணவர், பெர்லின்)

ப: முடியும் தம்பி. ஆனா முதல்ல அந்த சீப் டிக்கெட்டை எடுத்து ஏர்போர்ட் பேரைப் பாருங்க. ஒஸ்லோன்னு போட்டு பக்கத்துல டோர்ப்னு இருந்துச்சுன்னா அது ஒஸ்லோவே இல்ல, சாண்டெஃப்யூர்னு தெற்கால நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற வேற ஊரு, அங்கேர்ந்து பஸ்ஸோ ட்ரெயினோ புடிச்சு வந்து சேர கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் ஆகும், போக வர அந்தக் காசையும் கூட்டிப் பார்த்தா சீப் டிக்கெட் அவ்வளவு சீப் இல்லைன்னு தெரியும். கார்டர்மூன்னு இருந்தா நிம்மதி, அதுதான் மெயின் ஏர்போர்ட், சிட்டியிலேர்ந்து 50 கிலோமீட்டர் அளவுல.

அங்க எறங்கினதும் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ட்ரெயினுக்கு வழி காட்டுற போர்டுங்கதான் கண்ணுல முதல்ல படும். ஃப்ளீடோகெட்னு பேரு. அதைத் தாண்டி போயி வீ-ன்னு எழுதியிருக்கிற சாதா ட்ரெயின்ல ஏறுங்க. ரெண்டும் ஒரே தண்டவாளம், ஒரே ஒஸ்லோ சென்ட்ரல், அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன, ஆனா சாதா ட்ரெயின்ல டிக்கெட் கிட்டத்தட்ட பாதிதான், 130 குரோனர் (நார்வே காசு) பக்கம். இன்னொரு லாபம், அந்த டிக்கெட் சிட்டியோட ஜோன் டிக்கெட்தான், அதனால நேரம் முடியிறதுக்குள்ள எறங்கி டிராமோ மெட்ரோவோ மாறி ஹாஸ்டல் வாசல் வரைக்கும் அதுலயே போயிடலாம். ஒரு யூரோவுக்கு 11, 12 குரோனர்னு மனசுல வச்சுக்கோங்க, அதாவது உங்க 200 யூரோ சுமாரா 2,300 குரோனர்.

இப்போ முக்கியமான விஷயம். ஒஸ்லோல எல்லாமே விலைன்னு சொல்றது பாதி உண்மைதான். இன்னொரு மனுஷன் உங்களுக்காக நின்னு ஒரு வேலை செஞ்சா விலை. சமைச்சு தட்டுல வைக்கிறது, பியர் ஊத்திக் குடுக்கிறது, டாக்ஸி ஓட்டுறது, இதெல்லாம்தான் பர்ஸைக் காலி பண்ணும், ஏன்னா அங்க சர்வர் வேலை பாக்கிறவருக்கும் நல்ல சம்பளம். யாரும் உங்களுக்காக நிக்காத விஷயம், அதாவது பார்க், காடு, கடல், தீவு, லைப்ரரி, இதெல்லாம் ஒண்ணு இலவசம் இல்லேன்னா டிராம் டிக்கெட்டோட முடிஞ்சிரும். அந்த ஊர்க்காரங்களும் வீக்கெண்டுல இந்த ரெண்டாவது வகையிலதான் பொழுதைக் கழிக்கிறாங்க. அவங்க ஞாயித்துக்கிழமையை நீங்க காப்பி அடிச்சா போதும், பட்ஜெட் தானா சரியாயிடும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்க போய்ச் சேரும்போது மணி ஒன்பது ஆனாலும் கவலைப்படாதீங்க, ஜூன் கடைசியில அங்க சூரியன் மறையவே பத்தரைக்கு மேல ஆகும், பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம். பையை ஹாஸ்டல்ல போட்டுட்டு நேரா ஓபெரா ஹவுஸுக்கு நடங்க, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே. உள்ள ஷோ பார்க்க இல்ல, கூரைக்கு. 2008ல ஸ்னோஹெட்டாங்கிற ஒஸ்லோ கம்பெனி டிசைன்ல திறந்தது, வெள்ளைக் கல்லு கூரை அப்படியே சரிஞ்சு தண்ணி வரைக்கும் இறங்கும், யார் வேணா ஏறி உச்சி வரைக்கும் நடக்கலாம், டிக்கெட் கிடையாது. அந்த நேரத்துல ஊர்ப் பசங்க பாதி பேர் அங்கதான் உக்காந்திருப்பாங்க.

சனிக்கிழமை காலையில 24 மணி நேர டிக்கெட் எடுங்க, 130 குரோனர் சுத்தி வரும், அந்த ஊர் பஸ், டிராம் கம்பெனியோட ரூட்டர் ஆப்ல வாங்கணும். மெட்ரோலயும் டிராம்லயும் கேட் எதுவும் கிடையாது, யாரும் கேக்க மாட்டாங்கன்னு தோணும், ஆனா செக்கிங் வந்தா ஃபைன் ஆயிரம் குரோனர் அளவுல போகும், உங்க பட்ஜெட்ல பாதி. டிக்கெட்டை எந்த நிமிஷம் ஆன் பண்றீங்களோ அங்கேர்ந்து 24 மணி நேரம், அதனால சனிக்கிழமை காலையில நடந்தே போற எடத்தையெல்லாம் முடிச்சிட்டு 11 மணிக்கு மேல ஆன் பண்ணுங்க, ஞாயித்துக்கிழமை 11 வரைக்கும் ஓடும்.

இதே டிக்கெட்ல படகும் போகலாம்கிறது நிறைய பேருக்குத் தெரியல. சிட்டி ஹால் எதிர்ல இருக்கிற படகுத்துறையிலேர்ந்து தீவுகளுக்குப் போற படகு எல்லாம் அங்க டவுன் பஸ் மாதிரிதான். இதைத் தெரியாம டூரிஸ்ட்டுங்க நூத்துக்கணக்குல குடுத்து ஃப்யூர்ட் (நிலத்துக்குள்ள நீளமா புகுந்த கடல்) க்ரூஸ் போறாங்க. ஹோவெடோயா தீவு பத்து நிமிஷம்கூட ஆகாது. 1147ல இங்கிலாந்துலேர்ந்து வந்த துறவிங்க கட்டின மடம் இடிஞ்சு கிடக்கு, சுத்தி காடு, பாறை, குளிக்கிற கரை. கையில ரொட்டியும் பழமும் எடுத்துட்டுப் போனா அரை நாள் ஓடிரும். தண்ணி சில்லுனு இருக்கும், பெர்லின் ஏரி நெனப்புல குதிக்காதீங்க.

ஞாயித்துக்கிழமை காலையில 12ஆம் நம்பர் டிராம் புடிச்சு விகேலன்ட் பார்க். குஸ்தாவ் விகேலன்ட்ங்கிற ஒரே சிற்பி செஞ்ச 200க்கு மேல சிலைங்க, வெண்கலமும் கருங்கல்லும், 24 மணி நேரமும் திறந்தே கிடக்கும். நடுவுல ஒரே கல்லுல குடைஞ்ச தூண், அதுல 121 உருவம் ஒண்ணு மேல ஒண்ணா பின்னிக்கிட்டு. நோபல் அமைதிப் பரிசு மெடலை டிசைன் பண்ணினதும் இவர்தான். அங்கேர்ந்து திரும்பி வந்து ஆகர்ஸெல்வா ஆத்தோரமா நடங்க, பழைய மில்லு, சின்னச் சின்ன அருவி, எல்லாம் ஊருக்கு நடுவுலயே. மழை வந்தா ஸ்டேஷன் பக்கத்துல டைக்மான் லைப்ரரி, 2020ல திறந்தது, நான் பார்த்ததுல மனுஷனை நாள் பூரா நிம்மதியா உக்கார விடுற எடம் அதுதான், ஒரு காபி வாங்குன்னு யாரும் வந்து நிக்க மாட்டாங்க. மேல்மாடியில மரத்தாலயே செஞ்ச ஒரு சின்ன ரூம் இருக்கு, 2014லேர்ந்து வருஷத்துக்கு ஒரு எழுத்தாளர் குடுக்கிற கையெழுத்துப் பிரதியை அங்க பூட்டி வைக்கிறாங்க, ஊருக்கு வெளியே காட்டுல அதுக்குன்னே நட்ட மரம் வளர்ந்ததும் அதுல பேப்பர் செஞ்சு 2114ல அச்சடிப்பாங்களாம். நம்ம யாருக்கும் படிக்கக் கிடைக்காது, ஆனா அந்த ரூம்ல அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வாங்க.

கணக்கு: ஹாஸ்டல் டார்ம்ல (பல பேர் சேர்ந்து தங்குற ரூம்) ஒரு பெட் முன்கூட்டியே புக் பண்ணா ராத்திரிக்கு 500 சுத்தி, ரெண்டு ராத்திரி 1,000. ஏர்போர்ட் போக வர 260. ஊருக்குள்ள டிக்கெட் 200க்குள்ள. சூப்பர்மார்க்கெட் சாப்பாடு ரெண்டு நாளுக்கு 400. மீதி 400க்கு மேல இருக்கு. அதை என்ன பண்றதுன்னு கீழ ஒருத்தருக்கு சொல்லியிருக்கேன். ஹாஸ்டல்ல பெட்ஷீட்டுக்கு தனியா காசு கேப்பாங்களான்னு புக் பண்ணும்போதே பாருங்க, கேட்டா வீட்டுலேர்ந்தே எடுத்துட்டுப் போயிடுங்க.

கே: சார், எனக்கு இந்தியன் பாஸ்போர்ட், ஜெர்மன் ப்ளூ கார்டு (வேலைக்கான ரெசிடென்ஸ் பெர்மிட்). நார்வே யூரோப்பியன் யூனியன்ல இல்லையே, தனி விசா வேணுமா? (மியூனிக்)

ப: வேண்டாம். யூனியன்ல இல்லைன்னாலும் ஷெங்கன்ல இருக்கு, அதாவது ஒரே விசாவுல போய் வர்ற நாடுங்க கூட்டத்துல. ப்ளூ கார்டும் பாஸ்போர்ட்டும் ரெண்டுமே கையில இருக்கணும், கார்டோட தேதி முடியாம இருக்கணும், அவ்வளவுதான். லண்டன்லேர்ந்து இதே கேள்வி கேட்ட ரெண்டு பேருக்கு: யூகே ரெசிடென்ஸ் வச்சிருக்கிற இந்தியன் பாஸ்போர்ட்காரங்களுக்கு ஷெங்கன் விசா வேணும், அதனால வீக்கெண்ட் பிளானை விசா கையில வந்த பிறகு போடுங்க.

கே: வணக்கம் அண்ணை. நாங்கள் பரிசில இருக்கிறம். ஒஸ்லோவில எங்கட சொந்தக்காரர் இருக்கினம், அவையின்ர வீட்டிலதான் தங்கப்போறம். ரெண்டு பிள்ளையள், ஒண்டுக்கு ஒன்பது வயசு, மற்றதுக்கு நாலு. உந்த ஒஸ்லோ பாஸ் வாங்கோணுமோ, இல்லாட்டி அது இல்லாமலே சமாளிக்கலாமோ? (ஒரு தாய்)

ப: அம்மா, தங்க வீடு இருந்தாலே உங்க செலவு பாதி கழிஞ்சிருச்சு. மியூசியத்துக்கும் பஸ், டிராமுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டா வர்ற அந்த பாஸ் ஒரு நாளைக்கு 500 குரோனருக்கு மேல, மியூசியம் ஒண்ணொண்ணும் பெரியவங்களுக்கு 200 சுத்தி. அப்போ ஒரு நாள்ல மூணு மியூசியமாவது பார்த்தாத்தான் பாஸ் போட்ட காசு திரும்பும். நாலு வயசுக் குழந்தையைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள்ல மூணு மியூசியம் போறது நடக்கிற காரியமா, நீங்களே சொல்லுங்க. மழைன்னு தெரிஞ்சா, மியூசியமா நிறைஞ்ச பிக்டோய் பக்கம் ஒரு நாள் முழுக்க இருக்கப்போறீங்கன்னா மட்டும் யோசிக்கலாம். இல்லேன்னா விடுங்க.

ஒரே ஒரு மியூசியத்துக்கு காசு குடுக்கிறதா இருந்தா பெரியவனுக்காக ஃப்ராம் மியூசியம் போங்க. 1911ல நார்வேக்காரர் அமுண்ட்சென் தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தாரே, அந்தப் பயணத்துல போன கப்பலே முழுசா உள்ள நிக்குது, ஏறி கேபினுக்குள்ள புகுந்து பார்க்கலாம், பசங்க எறங்கவே மாட்டாங்க. பக்கத்துலயே கான்-டிக்கி மியூசியம், 1947ல பெருவிலேர்ந்து பசிபிக்கைக் கடந்த அந்த தெப்பம். அங்க போக 30ஆம் நம்பர் பஸ் புடிங்க, சிட்டி ஹால்லேர்ந்து பிக்டோய் போற டூரிஸ்ட் படகுக்கு சாதா டிக்கெட் செல்லாது, தனி காசு. வைக்கிங் கப்பல் மியூசியம் எங்கேன்னு தேடாதீங்க, அது 2022லேர்ந்து மூடி பெருசா திரும்பக் கட்டிக்கிட்டு இருக்காங்க. நேஷனல் மியூசியம் போனா 18 வயசுக்குக் கீழ இலவசம், நார்வே ஓவியர் முங்க் வரைஞ்ச அலறல் படத்தோட 1893 ஓவியம் அங்கதான் இருக்கு.

டிராம், மெட்ரோல சின்னவளுக்கு டிக்கெட்டே வேண்டாம், ஆறு வயசு ஆகலைல்ல. டைக்மான்ல பிள்ளைங்களுக்குன்னு தனிப் பகுதி இருக்கு. டோயன் பக்கம் பொட்டானிக்கல் கார்டன் இலவசம். சிட்டி ஹாலுக்குள்ளயும் சும்மா போயிப் பாருங்க, வருஷா வருஷம் டிசம்பர் 10 நோபல் அமைதிப் பரிசு குடுக்கிற ஹால் அதுதான். உங்க ஊர்க்காரங்களுக்கு அங்க இன்னொரு சொந்தமும் உண்டு, யாழ்ப்பாணத்துல பிறந்த கம்ஷாஜினி குணரத்னம் 2015ல அந்த நகரத்துக்குத் துணை மேயரா வந்தாங்களே. கோயிலுக்குப் போகணும்னா அம்மெருட் பக்கம் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கு, மெட்ரோலயே போகலாம், உங்க சொந்தக்காரங்களுக்கு வழி தெரியாம இருக்காது.

கே: நான் சுத்த சைவம், முட்டைகூட கிடையாது. வெளிய சாப்பிடாம எப்படி சமாளிக்கிறது? (ஸ்டுட்கார்ட்)

ப: கிவி, ரேமா 1000, கூப் எக்ஸ்ட்ரா. இந்த மூணு பேரை மனப்பாடம் பண்ணிக்கோங்க, சீப் சூப்பர்மார்க்கெட் இதுதான். கிவியில ஃபர்ஸ்ட் பிரைஸ்னு போட்ட பாக்கெட் எல்லாம் அந்தந்த ஐட்டத்துல மலிவு. ரொட்டி, சீஸ், தக்காளி, தயிர், வாழைப்பழம். பழுப்பு கலர்ல ப்ரூனுஸ்ட்னு ஒரு சீஸ் இருக்கும், நம்ம திரட்டுப்பால் வாடையும் இனிப்பும் லேசா அடிக்கும், ஒரு தடவை வாங்கிப் பாருங்க. சீஸ் வாங்கும்போது விலங்கு ரென்னெட் (பாலைத் திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கிறது) சேர்த்ததான்னு பார்க்கிற ஆளா இருந்தா லேபிளைப் படிச்சிட்டு எடுங்க.

நம்ம சாமான் வேணும்னா சென்ட்ரல் ஸ்டேஷன்லேர்ந்து நடந்து போற தூரத்துல க்ரோன்லாண்ட் ஏரியா. எழுபதுகள்லேர்ந்தே பாகிஸ்தான்காரங்க வந்து குடியேறின நகரம் ஒஸ்லோ, அப்புறம் சோமாலியா, துருக்கின்னு நிறைய பேர், அதனால அங்க காய்கறி, பருப்பு, மசாலா எல்லாம் மத்த எடத்தை விட மலிவு, ஃபலாஃபல் ரோல் மாதிரி சூடா ஏதாவது சாப்பிடவும் அங்கதான் போகணும். ஹாஸ்டல்ல கிச்சன் இருக்கான்னு பார்த்து புக் பண்ணுங்க, ஒரு ரசப்பொடி பாக்கெட்டும் கொஞ்சம் அரிசியும் பையில இருந்தா உலகத்துல எந்த ஊரும் விலை ஜாஸ்தி கிடையாது.

ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் சனிக்கிழமையே வாங்கிடுங்க. ஞாயித்துக்கிழமை பெரிய சூப்பர்மார்க்கெட் எல்லாம் சட்டப்படியே மூடியிருக்கும், நூறு சதுர மீட்டருக்குள்ள இருக்கிற குட்டிக் கடைங்களும் ஸ்டேஷன் கடைங்களும்தான் திறந்திருக்கும், அங்க விலை வேற மாதிரி. தண்ணி பாட்டில் வாங்கவே வாங்காதீங்க, குழாய்த் தண்ணி அருமையா இருக்கும். ஜூஸ் பாட்டில் வாங்கினா காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க, சின்னதுக்கு 2 குரோனர், பெருசுக்கு 3 குரோனர் டெபாசிட் உங்க பில்லுலயே சேர்ந்திருக்கும், சூப்பர்மார்க்கெட் வாசல் மெஷின்ல போட்டா திரும்பக் கிடைக்கும். உங்களுக்கு ஜெர்மனியில பழக்கப்பட்டதுதானே.

கே: நீங்க எப்பப் பார்த்தாலும் ரொட்டியைக் கட்டிக்கிட்டு போ, பார்க்ல உக்காருன்னே எழுதுறீங்க. அந்த ஊர்ச் சாப்பாட்டை சாப்பிடாம, ஒரு ஷோ பார்க்காம, கஞ்சத்தனமா சுத்திட்டு வர்றதுக்கு வீட்டுலயே இருக்கலாமே? (ஆம்ஸ்டர்டாம்)

ப: கோபம் நியாயம்தான், ஆனா ஒரு விஷயம் கேளுங்க. அந்த ஊர்ச் சாப்பாடே கட்டிக்கிட்டு போற ரொட்டிதான். மத்பாக்கென்னு சொல்லுவாங்க, ரெண்டு மூணு துண்டு ரொட்டி மேல சீஸோ எதுவோ வச்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க நடுவுல மெழுகுத்தாள் வச்சு மடிச்சு எடுத்துட்டுப் போறது. ஸ்கூல் பசங்களும் அதான், ஆபீஸ்ல கோட்டு போட்டவரும் அதான், ஞாயித்துக்கிழமை காட்டுக்குப் போற குடும்பமும் அதான். ராத்திரிக்கு கிராண்டியோசான்னு ஒரு உறைஞ்ச பீட்சா, அதை அவங்க ஏறக்குறைய தேசிய உணவாவே வச்சிருக்காங்க, அவன்ல வச்சு சாப்பிடுவாங்க. மெனு கார்டுல 300 குரோனர் போட்டு மீன் குடுக்கிற ரெஸ்டாரண்டுல ஊர்க்காரங்களும் தினமும் உக்காந்திருக்கிறதில்ல, பொறந்தநாள் கல்யாணநாள்னாதான்.

செலவு பண்ணாதீங்கன்னு நான் சொல்லல, தெரியாம கரையிற காசைத்தான் நிறுத்தச் சொல்றேன். டாக்ஸி, ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ், டூரிஸ்ட் படகு, ஸ்டேஷன் கடை சாண்ட்விச், இதுல போற காசு எதுவும் ஊர் திரும்பினப்புறம் ஞாபகத்துல நிக்காது. அதை மிச்சம் புடிச்சு ஒரே ஒரு எடத்துல தாராளமா விடுங்க. பெர்லின் தம்பிக்கும் இதான், அந்த மீதி 400ல பாதிக்கு நேஷனல் மியூசியம், இல்லேன்னா துறைமுகத் தண்ணியில மிதக்கிற சௌனாவுல (வேர்க்க வைக்கிற சூடான ரூம்) ஒரு சீட் புக் பண்ணி வேர்க்க வேர்க்க உக்காந்துட்டு அப்படியே ஃப்யூர்டுல குதிச்சு எழுந்திரிங்க. மீதிக்கு ஒரு நல்ல பேக்கரியில சூடா பட்டை போட்ட பன்னும் காபியும், ஜன்னலோரமா. ஹோட்டல்ல தங்குறவங்க காலை பஃபே சேர்த்த ரேட்டா பார்த்து எடுங்க, அங்க அது மதியம் வரைக்கும் தாங்கும். அதுக்காக பஃபேலேர்ந்து முட்டையையும் ரொட்டியையும் டிஷ்யூல சுத்திக்கிட்டு வர்றது வேண்டாம்.

கே: பியர்? (பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர்)

ப: பார்ல ஒரு கிளாஸ் நூறு குரோனரைத் தொடும். சூப்பர்மார்க்கெட்ல பாதிகூட ஆகாது, ஆனா சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு மேல விக்க மாட்டாங்க, ஞாயித்துக்கிழமை கிடையவே கிடையாது. 4.7 சதவீதத்துக்கு மேல எதுவா இருந்தாலும் அரசாங்கக் கடையிலதான், வின்மொனொபோலெட்னு பேரு. நம்ம டாஸ்மாக் மாதிரி அரசாங்கமே நடத்துறது, ஆனா கூட்டமும் கிடையாது, ராத்திரியும் கிடையாது.

கே: டிசம்பர்ல போனா ஹோட்டல் இன்னும் குறையுமா? நாங்க நாலு பேர், வேலை பாக்கிறவங்க. (ஃபிராங்க்பர்ட்)

ப: நோபல் விழா வாரத்தையும் கிறிஸ்துமஸ் மார்க்கெட் வீக்கெண்டுகளையும் விட்டுட்டுப் பாருங்க. ஆனா டிசம்பர் பகல் ஆறு மணி நேரம்தான், நான் மேல சொன்ன தீவும் புல்வெளியும் அப்போ உதவாது. ஜனவரி கடைசி, பிப்ரவரி இன்னும் நல்லது, வெளிச்சம் கொஞ்சம் கூடும், பனியும் இருக்கும். ஒண்ணாம் நம்பர் மெட்ரோல கடைசி ஸ்டேஷன் ஃப்ரோக்னர்செட்டரன், நகரத்தை விட நானூறு மீட்டருக்கு மேல உயரம், அதே சாதா டிக்கெட். அங்கேர்ந்து கொர்கெட்ரெக்கரன்னு ரெண்டு கிலோமீட்டர் சறுக்குப் பாதை கீழ மிட்ஸ்டூவன் ஸ்டேஷன் வரைக்கும் இறங்கும், ஸ்லெட்ஜை வாடகைக்கு எடுத்து சறுக்கிட்டு வந்து, கீழ மெட்ரோ ஏறி மறுபடி மேல போயி, மறுபடி சறுக்கலாம். ஹெல்மெட்டும் சேர்த்து வாடகைக்கு எடுங்க, வளைவுல அங்கத்து எட்டு வயசுப் பொடியன் உங்களை ஓவர்டேக் பண்ணுவான். பனி இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க.

கே: ஹாஸ்டலும் வேண்டாம், டென்ட் அடிக்கலாம்னு கேள்விப்பட்டேன், உண்மையா? ஜெர்மனியில கீல் துறைமுகத்துலேர்ந்து கப்பல்ல போறது நல்லதா? (ஹாம்பர்க்)

ப: டென்ட் உண்மைதான். 1957லேர்ந்து அங்க சட்டமே இருக்கு, பயிர் பண்ணாத காட்டுல யார் வேணா ஒரே எடத்துல ரெண்டு ராத்திரி வரைக்கும் டென்ட் அடிக்கலாம், வீடுங்களிலேர்ந்து 150 மீட்டர் தள்ளி இருக்கணும். அஞ்சாம் நம்பர் மெட்ரோல சொங்ஸ்வான் ஏரி வரைக்கும் போயி, அங்கேர்ந்து காட்டுக்குள்ள நல்லா நடந்து போயி அடிங்க, ஏரிக்கரையில வேண்டாம். ஹோவெடோயா தீவுல ராத்திரி தங்கக் கூடாது. ஏப்ரல் 15லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் காட்டுல நெருப்பு மூட்டவும் கூடாது. ஜூன்ல ராத்திரி இருட்டவே இருட்டாது, கண்ணு மூடுறதுக்கு ஒரு துணி எடுத்துட்டுப் போங்க.

கப்பல் சொகுசுதான், 20 மணி நேரம், காலையில கண்ணு முழிச்சா ஃப்யூர்டுக்குள்ள போயிக்கிட்டு இருப்பீங்க. ஆனா ஒஸ்லோவைப் பார்க்கணும்னா அந்த மினி க்ரூஸ் டிக்கெட்டை எடுக்காதீங்க. காலையில 10 மணிக்குக் கரை சேரும், மதியம் ரெண்டு மணிக்கு அதே கப்பல் திரும்பக் கிளம்பிடும். போகும்போது கப்பல், திரும்பும்போது பிளைட்டுன்னு போட்டுக்கோங்க, ரேட்டை ரெண்டையும் வச்சுப் பார்த்துட்டு.